மூன்று நாளாக ஒரே காற்று

"அண்ணை, உங்கட காற்று செத்துப்போச்சோ?"

போன ஐப்பசிக் கடைசியில் ஒரு பின்னேரம் திருகோணமலைக் கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஒரு போட்டு ஸ்கிப்பர் போன் எடுத்து இப்படித்தான் கேட்டான். எனக்கு முதலில் விளங்கவில்லை. வட்ஸ்அப்பைத் திறந்து, ஸ்கிப்பர்மாரின் குழுவுக்குக் காலையும் மாலையும் நான் அனுப்பும் கடற்காற்றுச் செய்திகளை மேலே தள்ளிப் பார்த்தேன். திங்கள் மாலை: வடகிழக்குக் காற்று, செக்கனுக்கு 7 மீற்றர், காற்றின் அமுக்கம் 1009.6 ஹெக்டோபஸ்கால். செவ்வாய் காலை: அதே. செவ்வாய் மாலை: அதே. புதனும் அதே. தசமப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் இலக்கம்கூட அசையவில்லை. கடலில் ஒரு நாள் இறங்கிய எவனும் இதை நம்பமாட்டான். நான் மட்டும் பார்க்காமலே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சரி, முதலிலிருந்து சொல்கிறேன்.

திருக்கடலூர்ப் பக்கம் எனக்கு ஒரு சின்னக் கடை. போட்டுகளின் றேடியோ செட், ஜிபிஎஸ், ஃபிஷ் ஃபைண்டர் எல்லாம் பழுது பார்ப்பது தொழில். வானிலை என் தொழில் இல்லை. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் எங்களுக்குக் கொஞ்சம் வடக்கே கரையேறியதே, அதற்குப் பிறகுதான் இந்தப் பைத்தியம் பிடித்தது. அன்றைக்கு வானொலி தவறாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் "காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக மட்டக்களப்பு வரையான கரையோரத்துக்கு அப்பாற்பட்ட கடல்" என்று அந்தப் பழக்கமான வசனம் வரும்போதெல்லாம் நான் நினைப்பேன்: அதற்கும் அப்பால்? இருபத்தைந்து நாள் ஐஸ் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் நிற்கும் இடத்தில் இந்த நிமிடம் காற்று எப்படி?

வீட்டிலும் ஒரு காரணம் இருந்தது. 1964 மார்கழிப் புயலை அம்மா நேரில் கண்டவர். புயல் நெருங்கினால் காற்றின் அமுக்கம் இறங்கும்; அமுக்கம் என்ற சொல்லே அவருக்குத் தெரியாது. "பின்னேரம் காது அடைச்சமாதிரி இருந்தது, நாய் எல்லாம் ஒரு பக்கமாப் படுத்துக் கிடந்தது" என்று மட்டும் சொல்வார். அடைத்தது காதோ, பிறகு வந்த பயமோ, யாருக்குத் தெரியும். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவனுக்கு அமுக்கம் இறங்குவதைக் கண்ணால் பார்க்க ஆசை வரும்தானே.

பார்க்க முடியும் என்று பிறகுதான் தெரிந்தது. வங்காள விரிகுடாவில் நங்கூரமிட்ட மிதவைகள் நிற்கின்றன. சென்னையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் 1990களின் பிற்பாதியிலிருந்து போட்டு வருவது ஒரு வகை. இன்னொன்று, அமெரிக்காவும் இந்தியாவும் வேறு சில நாடுகளும் சேர்ந்து 2004 முதல் பருவக்காற்றைப் படிக்க வைத்த ராமா மிதவை வரிசை. அதில் ஓர் இடம் வடக்கு 8 பாகை, கிழக்கு 90 பாகை. கோணேசர் மலையில் நின்று சூரியன் எழும் பக்கம் பார்த்தால், கிட்டத்தட்ட 970 கிலோமீற்றருக்கு அப்பால். அங்கே ஒரு கம்பத்தில் காற்றுமானி சுற்றுகிறது, அது அளந்தது செய்மதி வழியாகக் கரைக்கு வருகிறது, அதை என் கடை மேசையில் பார்க்கலாம் என்றால் யார் விடுவார்கள்?

நான் பார்த்து வந்தது பழைய எழுத்து வடிவத்தை. வெளிநாட்டில், இணையத்தில் ஒரு கிட்டங்கி, உலகம் முழுவதும் போய்வரும் மிதவைச் செய்திகளை அப்படியே கட்டுக்கட்டாகப் போட்டு வைத்திருந்தது. 'இசட் இசட் வை வை' என்று தொடங்கினால் மிதவை. பிறகு ஐந்தைந்து இலக்கமாக வரும். வெறும் எண் என்று நினைக்காதீர்கள், பழகினால் அது பேசும். அந்த மூன்று நாளும் உறைந்து நின்ற வரியையே எடுத்துக்கொள்வோம்:

00507 10281 40096

முதல் கட்டு பூச்சியத்தில் தொடங்கினால் காற்று. 05 என்றால் 50 பாகை, அதாவது வடகிழக்கு, நம்முடைய வாடை. 07 என்றால் செக்கனுக்கு 7 மீற்றர், ஸ்கிப்பர்மாரின் கணக்கில் பதினான்கு நொட்டுக்கு (மணிக்குக் கடல் மைல்) கிட்ட. இரண்டாவது கட்டு 1இல் தொடங்கினால் காற்றின் வெப்பம். அடுத்த பூச்சியம் 'சைபருக்கு மேல்' என்பதற்கு, 281 என்றால் 28.1. நாலில் தொடங்குவது அமுக்கம். 0096க்கு முன்னால் நாமே ஒன்றைப் போட்டுக்கொள்ளவேண்டும்: 1009.6. தந்திக் காலத்துச் சிக்கனம். ஓர் இலக்கத்துக்கும் காசு போன காலத்தில் யாரோ உட்கார்ந்து யோசித்த வேலை. எனக்கு அது ஒரு அழகாகத்தான் பட்டது. மூன்று நாலு மாதத்தில், தேத்தண்ணி குடித்துக்கொண்டே பத்து மிதவையை ஓட்டமாக வாசிக்கும் அளவுக்கு வந்துவிட்டேன்.

அப்புறம் சோம்பல் வந்தது. என் அக்காவின் மகன் கொழும்பில் மென்பொருள் வேலை செய்கிறான். ஒரு சித்திரை வருடப் பிறப்புக்கு வந்தபோது கடையில் ராஸ்ப்பெரி பை என்ற சின்னக் கணினிப் பெட்டி ஒன்றை வைத்து, காலையும் மாலையும் அதுவே கிட்டங்கிக்குப் போய், எனக்கு வேண்டிய நாலு மிதவையின் கடைசி வரியை எடுத்து, குழுவில் போடத் தமிழில் எழுதித் தரும்படி செய்தான். நான் பார்த்து அனுப்பவேண்டியது மட்டும்தான் மிச்சம். அந்தப் பார்த்து என்பதைத்தான் நான் விட்டுவிட்டேன்.

நடந்தது இதுதான். அந்தக் கிட்டங்கியில் எழுத்து வடிவச் செய்தி வருவது நின்றுவிட்டது. பைல் இருந்தது, புதிய வரி வரவில்லை. என் பெட்டி விசுவாசமாகப் போய்ப் பழைய கடைசி வரியையே எடுத்து வந்தது. நேரத்தைச் சரிபார்க்கச் சொல்லி நாங்கள் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த மூன்று நாளில் பெரிய காற்று ஒன்றும் வரவில்லை என்பது என் அதிர்ஷ்டம். வந்திருந்தால் நான் 'ஏழு மீற்றர், அமைதி' என்று எழுதிக்கொண்டிருந்திருப்பேன். இதை இப்போது எழுதும்போதும் கை கொஞ்சம் தயங்குகிறது.

முதலில் கோபம் வந்தது. ஒரு அறிவித்தல் தரக்கூடாதா? பிறகு யோசித்தால், யாருக்குத் தருவது? திருகோணமலையில் றேடியோ திருத்துகிற ஒருவன் இதைப் படிக்கிறான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? நான் எவருடைய பட்டியலிலும் இல்லாத வாசகன். உண்மையில் அறிவித்தல் எப்போதோ வந்தாகிவிட்டது. எழுத்து வடிவத்தைக் கைவிட்டு 'பஃபர்' என்ற இரும வடிவத்துக்கு மாறுவதென்று உலக வானிலை அமைப்பு முடிவெடுத்து, 2014 நவம்பரைக் கெடுவாகவும் வைத்திருந்தது. அதற்குப் பிறகும் பல நாடுகள் பழையதையும் சேர்த்தே அனுப்பின. ஒவ்வொன்றாக இப்போது நிறுத்துகிறார்கள். நான் பத்து வருடம் பிந்தி அழுதிருக்கிறேன்.

மருமகனுக்குப் போன் எடுத்தேன். "மாமா, பஃபர் பைல் ஒன்றை இறக்கித் திறந்து பாருங்கோ" என்றான். திறந்தேன். முதல் நாலு எழுத்து பஃபர் என்று இருக்கிறது. கடைசி நாலு இலக்கம் 7777. நடுவில் முழுக்கக் குப்பை, கட்டம் கட்டமாக, கேள்விக்குறியாக. தலையும் வாலும் மட்டும் மனுசருக்கு, உடம்பு இயந்திரத்துக்கு. "இதை நான் எப்படி வாசிக்கிறது?" என்றேன். "நீங்கள் வாசிக்கத் தேவையில்லை" என்றான். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் அவன் சொன்னதில் நியாயமும் இருந்தது. ஐந்து இலக்கக் கட்டுக்குள் காற்றை முழு மீற்றராகத்தான் அடைக்கலாம், திசையைப் பத்துப் பாகையாகத்தான் சொல்லலாம். பஃபரில் தசமமும் வரும், எந்த உயரத்தில் அளந்தது என்பதும் கூடவே வரும்.

வடிவம் மாறியது ஒன்று. வரும் வழி மாறியது இன்னொன்று, அதுதான் பெரியது.

இதுவரை இருந்த வழி ஜிடிஎஸ் எனப்படும் உலகத் தொலைத்தொடர்பு வலை. வானிலைத் திணைக்களத்துக்கும் திணைக்களத்துக்கும் இடையில் ஓடுவது. கொழும்புக்குப் புதுடெல்லி வழியாக வரும். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: பெரிய வாய்க்கால், கிளை வாய்க்கால், மதகு, மதகுக்கு மதகு ஓர் ஆள். புதிதாக ஒரு மிதவையைச் சேர்த்தால் வழியில் உள்ள ஒவ்வொரு நிலையமும் தன் வழிப்பட்டியலில் அதைச் சேர்க்கவேண்டும். ஒருவர் மறந்தால் அதற்குக் கீழே இருக்கிற வயல் காயும். என் மாதிரி ஆட்களுக்கு அந்த வாய்க்காலில் இடமே இல்லை. எங்கேயோ கசிந்த தண்ணீரைத்தான் இத்தனை நாளும் அள்ளியிருக்கிறேன்.

இப்போது வந்திருப்பது 'விஸ் 2', உலக வானிலை அமைப்பின் புதிய தரவு வழி. 2025 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஜிடிஎஸ்ஸைப் படிப்படியாக மூடப்போகிறார்கள். அது வேலை செய்யும் விதத்தை மருமகன் எனக்கு விளக்கியது பாண் ஓட்டோவை வைத்து. நாம் போய்க் கடையைத் தட்டத் தேவையில்லை. தெருவில் பாட்டுக் கேட்டால் வெளியே வந்து வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம். மிதவைச் செய்தி ஒன்று வெளியானதும் ஒரு சின்ன அறிவிப்பு வரும்: இன்ன இடம், இன்ன நேரம், பைல் இன்ன முகவரியில். அதுதான் பாட்டு. பைல் சின்னதாக இருந்தால், நாலு கிலோபைட்டு வரைக்கும், அறிவிப்புக்குள்ளேயே மடித்து வைத்துவிடலாம். பெரிதென்றால் முகவரிக்குப் போய் எடுக்கவேண்டும். பொதுக் களஞ்சியங்கள் ஒரு நாளாவது வைத்திருக்கும். பாட்டுப் போடும் தரகு நிலையங்களைப் பிரான்ஸ், பிரேசில், சீனா, அமெரிக்கா எல்லாம் நடத்துகின்றன.

நாங்கள் பிரான்ஸைப் பிடித்தோம். பதிவுக்கு விண்ணப்பம், அனுமதிக் கடிதம் எல்லாம் கேட்கப்போகிறார்கள் என்று நான் கடையின் வியாபாரப் பதிவுப் பத்திரத்தைக்கூட எடுத்து வைத்திருந்தேன். மருமகன் சிரித்துவிட்டான். பயனர்பெயர் 'எவ்ரிவன்'. கடவுச்சொல்லும் 'எவ்ரிவன்'. எல்லோருக்கும் அதே. என் வாழ்க்கையில் ஓர் அரச சம்பந்தமான கதவு இப்படித் திறந்ததே இல்லை. 2021 ஒக்டோபரில் நாடுகள் சேர்ந்து ஒப்புக்கொண்ட தரவுக் கொள்கை, 'அடிப்படைத் தரவு' என்று வகுத்ததைக் காசோ நிபந்தனையோ இல்லாமல் தரச் சொல்கிறது. மற்ற வகைக்கு நிபந்தனை போடலாம். என் நாலு மிதவையில் மூன்றுதான் இந்தக் கதவால் வருகிறது; அதற்கே நான் சந்தோசம்.

கதவு திறந்தது, ஆனால் உள்ளே வந்தது எல்லாம் வேற்றுப் பாஷை. மிதவை எண் முதலில் எங்களை ஏமாற்றியது. பழைய எண்கள் ஐந்து இலக்கம், நம் பக்கத்துக் கடலில் 23 என்று தொடங்கும். உதாரணத்துக்கு, சுனாமிக்குப் பிறகு 2006இல் தாய்லாந்து நமக்கும் அவர்களுக்கும் நடுவில் போட்ட ஆழ்கடல் மிதவை 23401. இப்போது ஏழு இலக்கம்: இரண்டாவது இலக்கத்துக்குப் பின் இரண்டு பூச்சியம் செருகி 2300401. இது தெரியாமல் ஒரு கிழமை முழுவதும் 'எங்கட மிதவை ஒன்றுமே வருதில்லை' என்று தலையைப் பிய்த்துக்கொண்டோம். வந்துகொண்டுதான் இருந்தது, நாங்கள்தான் பழைய பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

அடுத்த கூத்து வெப்பம். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து முதல் செய்தியைக் குழுவில் போட்டேன். ஒரு நிமிடத்தில் பதில்: "அண்ணை, கடல் வெப்பம் 302 எண்டு கிடக்கு. மீன் அவிஞ்சு மிதக்குதோ? அப்பிடியெண்டா வலை தேவையில்லை, உப்பும் தூளும் கொண்டு போறம்." பஃபரில் வெப்பம் கெல்வினில் வரும், 273.15ஐக் கழிக்கவேண்டும். அமுக்கமும் பஸ்கால் கணக்கில், 1009.6 என்பது 100960 ஆக நிற்கும். இரண்டு நாள் என்னை 'அவிச்ச மீன்' என்றுதான் கூப்பிட்டார்கள். பரவாயில்லை. மூன்று நாள் உறைந்த காற்றைவிட இது நல்ல பிழை. பார்த்தவுடன் பிழை என்று தெரிகிற பிழை.

எழுத்து வடிவம் முழுக்க அழிந்துவிட்டது என்று சொல்லவில்லை. அமெரிக்காவின் மிசிசிப்பியில் இருக்கும் தேசிய தரவு மிதவை நிலையம், தன் பக்கத்தில் 45 நாள் பதிவைச் சாதாரண அட்டவணையாகவே போட்டு வைக்கிறது, அளவு இல்லாத இடத்தில் 'எம்எம்' என்று வரும். யாரும் திறந்து வாசிக்கலாம். அப்படி ஒன்று நம் கடலுக்கும், தமிழிலும் சிங்களத்திலும் இருந்தால் நான் இந்தக் கெல்வின் கழித்தலை விட்டுவிட்டுச் சாலிடரிங் கம்பியோடு நிம்மதியாக இருப்பேன்.

இப்போது கிடைக்கிற ஒரு வசதியைச் சொல்லாமல் விடக்கூடாது. முன்பு எனக்குக் காலை ஒன்று, மாலை ஒன்று. இப்போது சில மிதவைகளில் மணிக்கு மணி வருகிறது. அதில்தான் ஒரு விசயத்தைக் கண்டுகொண்டேன். நம் கடலில் அமுக்கம் சும்மா நாளிலும் இரண்டு தடவை ஏறி இறங்கும். காலை பத்து மணியளவில் உச்சம், பின்னேரம் நாலுக்கு அடி, மறுபடி இரவு பத்துக்கு உச்சம், விடியற்காலை நாலுக்கு அடி. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையில் இரண்டு மூன்று ஹெக்டோபஸ்கால் இருக்கும். இது தெரியாமல் காலை இலக்கத்தையும் மாலை இலக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, 'அமுக்கம் இறங்குது, கவனம்' என்று எத்தனை நல்ல நாளில் பயமுறுத்தியிருக்கிறேன்! இப்போது இன்றைய நாலு மணியை நேற்றைய நாலு மணியோடுதான் ஒப்பிடுகிறேன். அந்த வித்தியாசத்தைத் தனி வரியாகப் போடுகிறேன். அதற்கு மேலே, முதல் வரியாக, மிதவை அளந்த நேரம், நம் நேரத்தில். ஆறு மணித்தியாலத்துக்கு மேல் பழையதென்றால் பெட்டி காற்றையே எழுதாது, 'தகவல் இல்லை' என்று மட்டும் எழுதும். இதைச் செய்யச் சொல்லி மருமகனிடம் நான் கேட்டதுதான் இந்த முழுக் கதையிலும் என் ஒரே பங்களிப்பு.

கார்த்திகையில் அந்த மூன்று மிதவையில் ஒன்று 'தகவல் இல்லை' என்று சொல்லத் தொடங்கியது. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு கிழமை. நான் மறுபடியும் வடிவம் மாறிவிட்டதோ, எண் மாறிவிட்டதோ என்று தேடிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் முதலில் போன் எடுத்த அதே ஸ்கிப்பர், கடலால் வந்து, ஜிபிஎஸ் திரை மங்குகிறது என்று கடைக்குக் கொண்டுவந்தான். திரையை மாற்றிவிட்டு, அவன் குறித்து வைத்திருந்த இடங்களெல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றுக்கு 'மஞ்சத்தட்டு' என்று பெயர்.

"இது என்னடா?"

"அது ஒரு மிதப்பு அண்ணை. மஞ்சளா, பெரிய தட்டு மாதிரி. நடுவில கம்பம், சோலர் எல்லாம் பூட்டிக் கிடக்கு. அதுக்குக் கீழ சூரை நிக்கும் பாருங்கோ, கிணத்துக்க வாளி விட்டமாதிரி அள்ளலாம்."

நான் அந்த இடத்தின் பாகையை என் பட்டியலோடு ஒப்பிட்டேன். பேசாமல் போன மிதவைக்கும் அதற்கும் இரண்டு மைல் வித்தியாசம். நங்கூரக் கயிற்றில் நிற்பது அவ்வளவு தூரம் சுற்றி அசையும்தான்.

"கட்டினீங்களோ?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "இராவில கட்டினம்தான். எல்லாரும் கட்டுறவங்கள். ஒண்டும் உடைக்கேல்ல."

அவன் உடைத்தான் என்று நான் சொல்லவில்லை. பற்றரி போயிருக்கலாம், வேறு போட்டு வந்திருக்கலாம். ஆனால் முப்பது நாற்பது தொன் போட்டு ஒன்று இரவெல்லாம் இழுத்துக்கொண்டு நின்றால் அந்தக் கயிறும் கருவியும் என்ன பாடுபடும் என்று றேடியோ அன்ரெனா பூட்டுகிற எனக்குத் தெரியாதா. நிழலுக்கு மீன் கூடும், மீனுக்குப் போட்டுக் கூடும். மிதவை போட்ட நாடுகளெல்லாம் பல வருடமாகச் சொல்லி அழுகிற பிரச்சினை இது. எனக்குத் திடுக்கென்றது வேறு ஒன்றுக்கு. நான் காலையும் மாலையும் அனுப்புகிற காற்று எங்கேயிருந்து வருகிறது என்று இந்த ஐந்து வருடத்தில் நான் அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை. 'இன்ரநெட்டில வருது' என்று நினைத்திருக்கிறான். அவனிலும் பிழை இல்லை, நானும் அப்படித்தானே முதலில் நினைத்தேன்.

"உன்ர மஞ்சத்தட்டுத்தான் என்ர காற்று" என்றேன். அவன் சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. போனை வாங்கி, குழுவில் பழைய செய்திகளை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தான். "அப்ப அந்த மூண்டு நாள்?" என்றான். அது வேறு கதை, அது என் பெட்டியின் பிழை என்று விளக்க அரை மணித்தியாலம் போனது.

தைப்பொங்கல் கழிந்து அவர்கள் திரும்ப இறங்கினார்கள். மிதவையும் அதற்கிடையில் தானாகவோ, யாரோ போய்ப் பார்த்தோ, பேசத் தொடங்கியிருந்தது. ஒரு பின்னேரம் ஆறு மணிக்கு றேடியோவில் இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் வந்தது.

"அண்ணை, மஞ்சத்தட்டுக்குக் கிட்ட நிக்கிறம். வாடை. பதினாறு நொட்டு இருக்கும்."

திரையைப் பார்த்தேன். ஐந்தரை மணி அளவு: 50 பாகை, செக்கனுக்கு 8.4 மீற்றர். பதினாறு நொட்டும் சொச்சமும். சொன்னேன்.

"நாங்கள் சொன்னது சரிதானே?"

"சரி. கட்டினீங்களோ?"

இரைச்சல். பிறகு குரல் கொஞ்சம் தணிந்து வந்தது. "இல்லை அண்ணை. ஆனா சூரை நல்லா நிக்குது."